பாதி அட்டவணை, பாதி ஸ்பிரின்ட்: சிங்கப்பூர் ஐடி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இரண்டு கோப்புகள் உங்கள் கைக்கு வரும். ஒன்று எம்எஸ் புராஜெக்ட்டில் போட்ட அட்டவணை. முந்நூறு நானூறு வரிகள், பட்டை பட்டையாக, கடைசி வரியில் ‘கோ-லைவ்’ (மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் நாள்) என்று ஒரு தேதி. இன்னொன்று ஜிரா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளில் ஒரு பலகை. அதில் வேலைக்கு ஒன்றாகக் கார்டுகள் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே புராஜெக்ட்டைப் பற்றியவைதான். ஆனால் அட்டவணையில் இருப்பது பலகையில் இருக்காது, பலகையில் இருப்பது அட்டவணையில் இருக்காது. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் “நாங்க ஹைபிரிட் பண்றோம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

சாங்கி பிசினஸ் பார்க்கில் என் குழுவுக்கு வந்த ஒரு தம்பி, திருச்சிக்காரர், இரண்டாம் நாளே கேட்டார்: “அண்ணா, நம்ம புராஜெக்ட் வாட்டர்ஃபாலா, அஜைலா?”

“காசு வாட்டர்ஃபால், வேலை அஜைல்” என்றேன். சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். நான் பார்த்த புராஜெக்ட்டுகளில் முக்கால்வாசி அப்படித்தான் ஓடின.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. வாட்டர்ஃபால் என்பது மாடிப்படி மாதிரி: தேவைகளை எழுது, வடிவமை, கட்டு, சோதி, ஒப்படை. ஒரு படியில் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த படி. அஜைலில் சிறுசிறு துண்டாகக் கட்டி, காட்டி, திருத்திக்கொண்டே போவோம். ஒரு துண்டுக்கு ஒதுக்கும் கால அளவுதான் ஸ்பிரின்ட், பெரும்பாலும் இரண்டு வாரம். இரண்டையும் மாமியார் மருமகள் போலப் பேசுகிறவர்கள் உண்டு. வாட்டர்ஃபாலின் தந்தை என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970இல் எழுதிய கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படத்தைப் போட்ட கையோடு, இதை அப்படியே செய்தால் தோல்வியைக் கூப்பிடுகிறோம் என்றுதான் எழுதினார். 2001 பிப்ரவரியில் யூட்டாவின் ஸ்னோபேர்டில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரும் ஆவணமே வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஓடுகிற மென்பொருளுக்கு அதைவிட அதிக மதிப்பு என்றார்கள். சண்டை பின்னால் வந்தவர்கள் கிளப்பியது.

கலப்புப் (ஹைபிரிட்) புராஜெக்ட் கிழிவது தையலில்தான். அட்டவணையும் ஸ்பிரின்டும் சேரும் இடத்தை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அந்தத் தையலைப் பற்றி.

பேசுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். சம்பளக் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன், அதில் நான் நிறைய அடிபட்டிருக்கிறேன். அறுநூறு ஊழியர்கள், பாதிப் பேர் ஷிஃப்ட் வேலை, எக்செல் கோப்புகளை விட்டுவிட்டுப் புது மென்பொருளுக்கு மாறும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒப்பந்தம், அப்புறம் ஜிரா

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். முழுதாகத் தர மாட்டார்கள், விலையை மறைத்துத் தருவார்கள். பரவாயில்லை. உங்களுக்கு வேண்டியது மூன்றே பகுதி: வேலையின் எல்லை, ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியல், பணம் எப்போது வரும் என்ற அட்டவணை.

கடைசிப் பகுதிதான் எஜமான். ஜீபிஸ் தளத்தில் எடுத்த அரசு டெண்டரோ தனியார் வேலையோ, தேவை ஆவணத்தில் கையெழுத்தானதும் 20 விழுக்காடு, யூஏடி (பயனாளரே ஓட்டிப் பார்த்து ஏற்கும் சோதனை) முடிந்ததும் 40 விழுக்காடு என்று போட்டிருந்தால், நீங்கள் எவ்வளவு அழகாக ஸ்பிரின்ட் ஓட்டினாலும் அந்தக் கையெழுத்துகள் வராமல் ஒரு வெள்ளிகூட வராது. ‘அஜைல்தானே, ஆவணம் எதற்கு’ என்று சொல்லும் புரோகிராமரை நிதிப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப்போனால் போதும்.

பிறகு மூன்று கேள்வி. பணம் மாறாததா? தேதி மாறாததா? எல்லை மாறாததா? மூன்றும் மாறாதவை என்றால் எல்லையை எவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘ஊழியர் கைப்பேசியிலேயே விடுப்பு கேட்கலாம்’ என்று மட்டும் இருந்தால் தப்பித்தோம். என்ன வேண்டும் என்பது உறுதி, எப்படிச் செய்வது என்பது நம் கையில். திரையின் படத்தையே பின்னிணைப்பில் ஒட்டியிருந்தால், அந்தப் பகுதியை வாட்டர்ஃபாலாகவே செய்து கொடுத்துவிடுங்கள். வீண் வம்பு வேண்டாம்.

2. வேலையை இரண்டு கூடையில் போடுங்கள்

ஒவ்வொரு வேலையையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் தேதியை முடிவு செய்வது யார்? இதைப் பிறகு மாற்றினால் எவ்வளவு அடி விழும்? தேதி வெளியாள் கையில் இருந்தாலோ, தப்பானால் பணமோ சட்டமோ குறுக்கே வந்தாலோ, அது அட்டவணைக் கூடை. காட்டினால்தான் தெரியும் என்றால் ஸ்பிரின்ட் கூடை.

மத்திய சேமநிதியை (சிபிஎஃப்) எடுங்கள். சந்தா கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,000 வெள்ளியிலிருந்து 6,300 ஆனது. 2024 ஜனவரியில் 6,800, 2025 ஜனவரியில் 7,400, 2026 ஜனவரியில் 8,000. நான்கு உயர்வும் 2023 வரவுசெலவுத் திட்டத்திலேயே அறிவித்தவை. இதில் பேரம் பேச முடியாது, அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளவும் முடியாது. பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1இல் 8 விழுக்காடாகவும், மறு ஆண்டு அதே நாளில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தபோது கடைகளின் பில் மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர்களைக் கேளுங்கள். டிசம்பர் 31 இரவு எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று சொல்வார்கள்.

அட்டவணைக் கூடையில் விழும் விதியை எவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 55 வயதைத் தாண்டாத சிங்கப்பூர்க் குடிமகன், மாதச் சம்பளம் 2,343 வெள்ளி. மொத்தச் சந்தா 37 விழுக்காடு, அதாவது 866.91. அதை அருகிலுள்ள முழு வெள்ளிக்குக் கொண்டுவந்தால் 867. ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 468.60. இங்கே விதி வேறு: காசை வெட்டிவிட வேண்டும், 468. முதலாளி பங்கைத் தனியாகப் பெருக்கக் கூடாது. 867இல் 468 போக மிச்சம் 399.

எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு பங்கையும் தனித்தனியாகப் பெருக்கி, இரண்டையும் அருகிலுள்ள வெள்ளிக்குக் கொண்டுவந்திருந்தார். 469, 398. கூட்டினால் அதே 867! மொத்தத்தை மட்டும் ஒப்பிட்ட சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. ஊழியர் கையில்தான் ஒரு வெள்ளி குறைந்தது. துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்கா சம்பளச் சீட்டை மடித்து எடுத்துவந்து கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. விதி எங்களிடம் எழுத்தில் இல்லை. ஒரு கார்டில் ‘சிபிஎஃப் கணக்கு சரியாக வர வேண்டும்’ என்று ஒரே வரி. ஸ்பிரின்டில் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். இந்த மாதிரி விதிகளுக்கு எடுத்துக்காட்டு எண்களோடு ஓர் ஆவணம், அதற்கு ஒரு கையெழுத்து, எல்லாம் முதல் ஸ்பிரின்டுக்கு முன்பே.

ஸ்பிரின்ட் கூடையில் விழுபவை: விடுப்புத் திரை, ஷிஃப்ட் பட்டியல், மேற்பார்வையாளருக்குப் போகும் அறிவிப்புகள், அறிக்கைகளின் தோற்றம். இவற்றை ஆறு மாதம் முன்னால் எழுதி வாங்கினாலும், எழுதியது ஒன்று, வேண்டியது ஒன்றாகத்தான் இருக்கும். ஷிஃப்ட் பட்டியலுக்கு மாதக் காலண்டர் போல ஒரு திரை செய்துகொண்டு போனோம். கலர் கலராக, பெயர்களை இழுத்துப் போடும் வசதியோடு. மேற்பார்வையாளர் ஒரு மலாய் அம்மா. பொறுமையாகப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை நீட்டி வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைக் காட்டினார்: கிழித்த தாளில் கையால் எழுதிய ஐந்து பெயர்கள். நாளைக்கு யார் வரவில்லை, அவர்கள் இடத்துக்கு யார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அடுத்த ஸ்பிரின்டில் அதைச் செய்து கொடுத்தோம். காலண்டர் திரையை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

எந்தக் கூடையிலும் முழுதாகச் சேராத ஒன்று உண்டு: பழைய தரவை மாற்றுவது. தேதி அட்டவணைக்குச் சொந்தம், வேலை ஸ்பிரின்டுக்குச் சொந்தம். இரண்டாம் ஸ்பிரின்டிலேயே ஐம்பது பேரின் பழைய எக்செல் வரிகளை ஏற்றிப் பாருங்கள். ஒரே ஆள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருப்பார். நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், ‘த/பெ’ போட்டும் வரும்.

3. ஒரு தாளில் நாட்காட்டி

முந்நூறு வரி அட்டவணை மேலாளரிடம் இருக்கட்டும். குழுவுக்கு ஒரே தாள் போதும். அதில் ஐந்தாறு வாசல்கள்: விதி ஆவணத்தில் கையெழுத்து, பாதுகாப்புப் பரிசீலனை, பென் டெஸ்ட் (மென்பொருளுக்குள் ஊடுருவ முடிகிறதா என்று முயன்று பார்ப்பது), யூஏடி, இணை ஓட்டம் (பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி ஒப்பிடுவது), கோ-லைவ். வாசல்களுக்கு நடுவே ஸ்பிரின்ட்களை எண் போட்டு நிரப்புங்கள். வங்கிப் புராஜெக்ட் என்றால் வாசல்கள் கூடும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் மேலாண்மை வழிகாட்டுதல்களைக் காட்டிக் கேள்வி கேட்க ஒரு தனிக் குழுவே அங்கே இருக்கும்.

அதே தாளில் இரண்டு ஊர் விடுமுறையையும் குறியுங்கள். சீனப் புத்தாண்டுக்கு இங்கே இரண்டு நாள் விடுமுறை, ஆனால் அந்த வாரம் முழுக்கவே கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். சென்னைக் குழுவுக்கு அது சாதாரண வாரம். பொங்கலுக்கு அவர்கள் இருக்க மாட்டார்கள், இங்கே வேலை நாள். டிசம்பரில் வாடிக்கையாளர் பக்கம் பாதிப் பேர் விடுப்பில் போய்விடுவார்கள். சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதையும் மறக்காதீர்கள். நாம் 9:30க்கு ஸ்டாண்டப் (குழுவின் அன்றாடக் குறுங்கூட்டம்) வைத்தால் அங்கே காலை ஏழு மணி, பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். 11:30 வையுங்கள்.

இனி தையல். ஒரு புராஜெக்ட்டில், வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், எட்டு ஸ்பிரின்டையும் சொன்ன நாளில் முடித்தோம். பென் டெஸ்ட் செய்யும் வெளி நிறுவனத்தில் தேதி வாங்கியது யார் என்று கேட்டபோதுதான் அறை அமைதியானது. அட்டவணை வைத்திருந்தவர் அது பேக்லாகில் (இனி செய்ய வேண்டிய கார்டுகளின் பட்டியலில்) இருக்கும் என்று நினைத்திருந்தார். நாங்கள் அது அட்டவணையில் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அவர்களிடம் அடுத்த காலித் தேதி ஐந்து வாரம் தள்ளி இருந்தது. முடிந்த மென்பொருள் ஐந்து வாரம் சும்மா கிடந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாசலுக்கும் பேக்லாகில் ஒரு கார்டு. வாசலுக்கு மூன்று ஸ்பிரின்ட் முன்னால் அது பலகைக்கு வரும். அதில் ஒரே ஒருவர் பெயர், ‘குழு’ என்று எழுதக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை தே ஹாலியாவோடு, அட்டவணை வைத்திருப்பவரும் பலகை வைத்திருப்பவரும் பதினைந்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலையே இந்த ஒப்பீடுதான். இரண்டே மாதத்தில் புராஜெக்ட் முழுதும் அத்துப்படி ஆகிவிடும்.

4. ஸ்பிரின்டுக்குள்ளே

ஸ்க்ரம் (ஸ்பிரின்ட் வைத்து ஓட்டும் அஜைல் முறை) எப்படி நடத்துவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. கலப்பு முறையில் மட்டும் வரும் இரண்டு சிக்கல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பிராடக்ட் ஓனர், அதாவது என்ன வேண்டும் என்று முடிவு சொல்பவர். வாடிக்கையாளர் ஒரு பெயரைக் கொடுப்பார். அவர் ஏற்கெனவே மனிதவளப் பிரிவை நடத்துகிறவர், மாதக் கடைசியில் போனையே எடுக்க மாட்டார். அவர் இடத்தில் நம் பக்கத்து பிஏ (தேவைகளைக் கேட்டு எழுதும் பிசினஸ் அனலிஸ்ட்) ஒருவர் முடிவெடுக்க ஆரம்பிப்பார். சின்ன விஷயங்களில் அது ஓடும். யூஏடியில் வந்து ‘இதை யார் கேட்டது?’ என்பார்கள். அதனால் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: இவற்றை பிஏ முடிவு செய்யலாம், இவற்றுக்கு வாடிக்கையாளர் பதில் வேண்டும், மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கார்டு ஓரமாகப் போய்விடும், தாமதம் அவர்கள் கணக்கில். கடுமையாகத் தெரியும். ஆனால் மனிதவள அம்மா மாதம் பத்தாம் தேதிக்கு மேல் ஓய்வாக இருப்பார் என்று தெரிந்துகொண்டு, டெமோவை அந்த வாரத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும்.

இரண்டாவது, ஆவணம். ஒப்பந்தம் கேட்கும் வடிவமைப்பு ஆவணத்தைக் கடைசி மாதத்தில் எழுதலாம் என்று தள்ளினால், ஆறு மாதம் முன்னால் ஏன் அப்படிச் செய்தோம் என்று நமக்கே நினைவிருக்காது. ஒரு கார்டை ‘முடிந்தது’ என்று நகர்த்த வேண்டுமானால் அதற்குரிய ஆவணப் பக்கமும் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரு கார்டுக்கு இருபது நிமிடம் ஆகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் ஸ்பிரின்டில் வடிவமைப்பு, அடுத்ததில் கோடிங், அதற்கடுத்ததில் டெஸ்டிங் என்று யாராவது போட்டால், அது வாட்டர்ஃபாலைத் துண்டு போட்டது. ஸ்பிரின்ட் முடிவில் ஏதாவது ஒன்று, சின்னதாக இருந்தாலும், ஓட வேண்டும்.

5. நடுவில் மாற்றம் கேட்டால்

கேட்பார்கள். பாதி வழியில் வாடிக்கையாளர், “வேலையாட்கள் படிக்கிற மாதிரி சம்பளச் சீட்டு தமிழிலும் வங்காளத்திலும் வேணும்” என்பார். நியாயமான கேள்விதான். விவரமான சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயம். படிக்கத் தெரியாத மொழியில் கொடுத்து என்ன பயன்?

பழைய முறையில் இதற்கு ஒரு சிஆர் (மாற்றக் கோரிக்கை) எழுதி, விலை போட்டு, குழு கூடி, நான்கு வாரம். புதிய முறையில் ‘சரி’ என்று பேக்லாகில் போட்டுவிடுவோம், எல்லை பெருத்துக்கொண்டே போகும், கடைசியில் நம் கைக்காசு போகும். இரண்டும் வேண்டாம். மாற்று விதி ஒன்று ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்: ஸ்பிரின்ட் கூடையில் ஒன்று உள்ளே வந்தால், இன்னும் தொடங்காத, அதே அளவுள்ள ஒன்று வெளியே போக வேண்டும். இப்படிக் கொடுத்து வாங்கினால் சிஆர் வேண்டாம், பிராடக்ட் ஓனரின் மின்னஞ்சல் போதும். அளவு கூடினால் சிஆர். அட்டவணைக் கூடையில் கை வைத்தால் அளவு எதுவானாலும் சிஆர்.

எங்கள் எடுத்துக்காட்டில், இரு மொழிச் சீட்டு உள்ளே வர, யாரும் பெரிதாகக் கேட்காத துறைவாரி வரைபட அறிக்கை வெளியே போகும். வெளியே போனதை அழித்துவிடாதீர்கள். ‘இன்ன தேதியில் இதற்குப் பதிலாகப் போனது’ என்று எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்து ஒரு புது இயக்குநர் வந்து, ஒப்பந்தத்தை விரித்து, அந்த அறிக்கை எங்கே என்று கேட்பார்.

6. மேலே சொல்வது

வழிநடத்தும் குழுக் கூட்டத்தில் ஸ்டோரி பாயின்ட் (ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று குழு போடும் மதிப்பு) கணக்கைக் காட்டாதீர்கள். ‘நாற்பத்திரண்டு பாயின்ட்’ என்றால் நிதி இயக்குநருக்கு ஒன்றும் புரியாது, புரியாததை அவர் நம்பவும் மாட்டார். அடுத்த வாசலுக்கு வேண்டியவை எத்தனை, வாடிக்கையாளர் பார்த்து ஏற்றவை எத்தனை, வாசல் தேதி நகர்கிறதா. மூன்று வரி போதும்.

7. யூஏடி, இணை ஓட்டம், கோ-லைவ்

ஒவ்வொரு டெமோவிலும் பயனாளர்களைத் தொட்டுப் பார்க்க விட்டிருந்தால் யூஏடியில் அதிர்ச்சி இருக்காது. ஆனால் முறைப்படியான யூஏடியைக் கைவிட முடியாது, 40 விழுக்காடு அதில்தான் இருக்கிறது.

சம்பள மென்பொருளில் உண்மையான பரீட்சை இணை ஓட்டம்: பழையதிலும் புதியதிலும் ஒரே மாதச் சம்பளத்தைப் போட்டு ஒப்பிடுவது. இரண்டு மாதமாவது செய்யுங்கள். மொத்தத்தை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள், அந்த 867 கதை அப்படித்தான் நழுவியது. அறுநூறு பேர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரி, காசு வரை. வித்தியாசம் வந்தால் பழையதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எக்செலில் யாரோ 2019இல் கையால் தட்டிய எண் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

எந்த மாதம் மாறுவது என்பதில் இரண்டு கட்சி. ஜனவரியில் மாறினால் ஆண்டுக் கணக்கு சுத்தமாகத் தொடங்கும், பழைய மாதங்களைச் சுமக்க வேண்டாம். ஆனால் விகித மாற்றங்கள் வருவது ஜனவரியில், சீனப் புத்தாண்டு பக்கத்தில், மார்ச் 1க்குள் ஊழியர் வருமான விவரங்களை வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். நான் ஜூலைக் கட்சி. ஆறு மாதப் பழைய தரவையும் ஏற்றும் வேலை கூடுதல்தான். ஆனால் தப்பு நடந்தால் திருத்த ஆளும் நேரமும் இருக்கும்.

முதல் சம்பளத்துக்குத் திரும்பும் வழியையும் எழுதி வையுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போக வேண்டும், அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் சேமநிதிச் சந்தா போக வேண்டும். ஆகவே ‘பழைய எக்செலுக்குத் திரும்புவோமா’ என்ற முடிவை எந்த நாள் எத்தனை மணிக்கு யார் எடுப்பார் என்று பெயரோடு இருக்க வேண்டும். இந்தத் தாள் முழுக்க முழுக்க வாட்டர்ஃபால், இதில் அஜைல் பேச்சே வேண்டாம்.

கோ-லைவ் முடிந்ததும் அந்த முந்நூறு வரி அட்டவணையை மூடிவிடலாம். பராமரிப்பு வேலைக்கு ஸ்பிரின்டும் தேவையில்லை. கார்டு வர வர எடுத்துச் செய்யும் கான்பான் பலகை போதும். ஒரு கார்டை மட்டும் நிரந்தரமாக விட்டு வைக்கிறோம்: ‘நவம்பர்: அடுத்த ஜனவரிக்கான சந்தா விகிதம், உச்சவரம்பு பார்க்கவும்.’ மூடக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பலகையைச் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் மூடிவிட்டார். திரும்பத் திறந்து, அவர் பெயரையே அதில் போட்டோம்.